நேரில் பார்த்தேன்

அத்தியாயம் 5

"பொய் சொல்றது யாருன்னு எனக்குத் தெரியணும்" என்றாள் வந்தவள். "என் தம்பி பொண்டாட்டியா, இல்ல அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியா? எதுவா இருந்தாலும் பூசி மெழுகாம சொல்லிடுங்க. தாங்கிக்குவேன்."

பஸ் கண்டக்டர் சீருடை. தோளில் தோல் பை. டூட்டிக்கு இடையே ஓடி வந்திருக்கிறாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உக்காருங்கம்மா. இங்க ஸ்டாப்பிங் உண்டு" என்றாள் தந்தி.

தந்தி என் உதவியாளர். பத்து வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். எப்பேர்ப்பட்ட செய்தியையும் நாலு வார்த்தையில் முடித்துவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். காலையிலிருந்து ஒரு கட்டு ஃபாரங்களில் எங்கள் ஏஜென்ஸியின் ரப்பர் ஸ்டாம்பைக் குத்திக்கொண்டிருந்தாள். கட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு நோட்டை எடுத்தாள். துப்பறியும் வேலை மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். மற்ற நாட்களை இந்த மாதிரிக் காகித வேலைதான் ஓட்டுகிறது.

"பத்தொன்பது நாள் முன்னாடி" என்று ஆரம்பித்தாள் கண்டக்டர். "அட்டை வெட்டற பஞ்சிங் மெஷின். வலது கை. ஆள்காட்டி விரலும் நடு விரலும் போச்சு. மெஷின் வாய்க்கு முன்னாடி கம்பிக் கூண்டு ஒண்ணு இருக்கணுமாம், கை உள்ளே போகாம இருக்க. அதை இவளே கழட்டி வச்சுட்டு வேலை செஞ்சான்னு கம்பெனி சொல்லுது. கூட வேலை செய்யற நாலு பேர் சாட்சிக் கையெழுத்து போட்டுட்டாங்க. கூண்டு இருந்ததுக்குப் போட்டோவும் வச்சிருக்காங்க."

"இன்னைக்கு என்ன அவசரம்?"

"நாலு மணிக்குத் தொழிலாளர் ஆபீஸ்ல விசாரணை. 'ஆமா, நான்தான் கழட்டினேன்'னு எழுதின பேப்பரை நீட்டுவாங்க. அதுல கையெழுத்து போட்டா வேலை போச்சு, நஷ்ட ஈடும் போச்சு. புதுச் சட்டத்துல கூண்டைக் கழட்டினதுக்கு அவ மேலயே கேஸ் வருமாம்."

"போட மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அதான் சார் வயித்தெரிச்சல். அவ போடறேங்கறா."

*

ஒற்றை அறை வீடு. கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வலது கையில் உறை போட்ட மாதிரி வெள்ளைக் கட்டு. எங்களைப் பார்த்ததும் அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஏதோ திருடி ஒளித்து வைத்திருப்பதைப் போல.

"இவங்க கேக்கறதுக்குப் பதில் சொல்லு" என்றாள் கண்டக்டர், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபடி.

"சொல்ல என்ன அண்ணி இருக்கு. வெட்கமா இருக்கு." கணவனின் அக்காவை அவள் அண்ணி என்றுதான் கூப்பிட்டாள்.

"அந்தக் கூண்டைப் பார்த்திருக்கீங்களா?" என்றேன்.

"பார்த்த ஞாபகம் இல்ல சார். சேர்ந்து அஞ்சு மாசம்தான் ஆச்சு. ஆனா போட்டோவுல இருக்கே."

"எதைக் கொண்டு கழட்டினீங்க? நாலு நட்டு இருக்கும். ஸ்பேனர் வேணும்."

"யார்கிட்டயாவது வாங்கியிருப்பேன்."

"யார்கிட்ட?"

"தெரியல சார். அட்டை ஒண்ணு சிக்கிக்கிச்சு. எடுக்கக் கையை விட்டேன். அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. கூண்டைக் கழட்டாம கை எப்படி உள்ளே போகும்? அப்ப நான்தானே கழட்டியிருக்கணும்?"

தந்தி நோட்டில் எதையோ எழுதி அடித்தாள். அவள் அப்படி அடிப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

"மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்து பொறுமையாத்தான் பேசினார்" என்றாள் அந்தப் பெண். "உன் ஒருத்தி அவசரத்துல நாற்பது பேர் வேலைக்கு ஆபத்து வந்திருக்கும்மான்னார். அதுக்கப்புறம் தூக்கம் வரல."

கீழே இறங்கும்போது தந்தி சொன்னாள்: "விரலையும் பறிச்சுக்கிட்டு மன்னிப்பும் கேக்க வச்சிருக்காங்க பாஸ்."

*

நான் இளம் வயதில் இரவு ஷிப்டில் ஏழு வருஷம் இந்த மாதிரி ஷெட்டில் கிடந்து ஓடி வந்தவன். பசையும் காகிதத் தூசும் கலந்த அந்த வாடை தெருமுனையிலேயே மூக்கில் ஏறிவிட்டது.

ஆறு பஞ்சிங் மெஷின்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் நிமிர்த்தி வைத்த இரும்புப் புத்தகம். திறக்கும், மூடும், திறக்கும். திறந்திருக்கும் நேரத்தில் அட்டையை வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். ஆறுக்கும் முன்னால் பச்சைப் பெயின்ட் அடித்த கம்பிக் கூண்டு. பெயின்ட் இன்னும் விரலில் ஒட்டியது.

முதலாளி எங்களைத் துரத்தவில்லை. தொழிலாளியின் பிரதிநிதி என்று கண்டக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு டீ வரவழைத்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன, ஐம்பது வயது மனிதர்.

"எல்லாம் புதுசா இருக்கே" என்றேன்.

"விபத்துக்கப்புறம் மாத்திட்டோம். பழசு அஞ்சும் பழைய இரும்புக் கடைக்குப் போயாச்சு. நாலாம் நம்பர் கூண்டை மட்டும் சாட்சிக்கு வச்சிருக்கேன்."

மூலையில் சாய்த்திருந்தது அது. கழுத்தில் 4 என்று எழுதிய அட்டை. கீழ் இடது மூலையில் கம்பி மடங்கியிருந்தது, புத்தகத்தில் அடையாளத்துக்கு மடித்த பக்கம் மாதிரி.

"இன்ஸ்பெக்டர் கடைசியா எப்ப வந்தார்?"

முதலாளி சிரித்தார். சந்தோஷம் இல்லாத சிரிப்பு. "அவர் வர்ற காலம் போயிடுச்சு சார். முன்னே சொல்லாம கொள்ளாம வந்து நிப்பார். கத்துவார். கவர் வாங்கிட்டுப் போவார். ஆனாலும் அடுத்த தடவை வர்றதுக்குள்ள ரெண்டு கூண்டாவது செஞ்சு மாட்டிடுவேன். ஒரு பயம் இருந்துச்சு. போன வருஷம் சட்டம் மாறிச்சு. இப்ப நானே ஃபாரம் நிரப்பணும், போட்டோ வைக்கணும், வெளிச் சான்றாளர்னு ஒருத்தர் நேர்ல பார்த்துக் கையெழுத்து போடணும். கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா மூணு வருஷத்துக்கு ஒருத்தன் எட்டிப் பார்க்க மாட்டான்."

"நிம்மதிதானே?"

"அப்படித்தான் நெனச்சேன். கூண்டு மாட்டினா மணிக்குத் தொள்ளாயிரம் அட்டை. இல்லேன்னா ஆயிரத்து முந்நூறு. பக்கத்து ஷெட்டுக்காரன் போட்டோவுல மட்டும் பத்திரமா இருக்கான். நான் நிஜத்துல பத்திரமா இருந்தா எனக்கு எவன் ஆர்டர் குடுப்பான்?" சட்டென்று நிறுத்தினார். டீயைப் பார்த்தார். "பொதுவா சொல்றேன்."

"பொதுவாத்தான் கேட்டுக்கிட்டோம்" என்றாள் தந்தி.

ஃபைலின் நகலைக் கேட்டேன். எட்டு மாதத்துக்கு முன் எடுத்த ஆறு போட்டோக்கள், நான்கு பக்க ஃபாரம் எல்லாம் வந்தன. கடைசிப் பக்கம் இல்லை.

"கையெழுத்துப் பக்கம் ஆலோசகர்கிட்ட இருக்கு. இதெல்லாம் அவர்தான் பார்த்துக்கறார். நாலு மணிக்கு வருவார்."

இரண்டாம் முறை நான் கேட்கவில்லை.

*

ஷெட்டின் பின்புறம் கழிவு அட்டைக் குவியல் மேல் ஆறு போட்டோக்களையும் வரிசையாகப் பரப்பினேன்.

"என்ன தெரியுது?"

"ஆறு மெஷின், ஆறு கூண்டு, ஆறும் சமத்து" என்றாள் தந்தி.

"பின் சுவரைப் பார்."

சுவரில் கடிகாரம். ஆறு படத்திலும் விழுந்திருந்தது. பத்து ஐந்து. பத்து இருபத்தைந்து. பத்து நாற்பத்தைந்து. பதினொன்று ஐந்து. பதினொன்று முப்பது. பதினொன்று ஐம்பது.

"ஒரு மெஷினுக்கும் அடுத்ததுக்கும் ஆறடி. அதைக் கடக்க போட்டோக்காரனுக்கு எதுக்கு இருபது நிமிஷம்?"

"மூட்டு வலியா இருக்கும். நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருபத்தஞ்சு. அங்க டீ குடிச்சிருக்கான்."

"நாலு நட்டைக் கழட்டி, தூக்கிட்டு வந்து, நாலு நட்டை முறுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

அவள் குனிந்து முதல் படத்தின் கீழ் இடது மூலையில் நகத்தை வைத்தாள். பிறகு இரண்டாவதில். ஆறாவது வரைக்கும் நகம் நகர்ந்தது. ஆறிலும் அதே மடிந்த கம்பி.

"ஒரே கூண்டு" என்றாள். "ஆறு மெஷினுக்கும் மாத்தி மாத்தி மாட்டிப் படம் பிடிச்சிருக்காங்க. ஒரே சட்டையைப் போட்டு அண்ணன் தம்பி ஆறு பேரும் பாஸ்போர்ட் போட்டோ எடுத்த மாதிரி."

"அந்தப் பெண் எதையும் கழட்டல. கழட்ட அங்கே எதுவும் இருந்ததே இல்ல."

"அப்ப மாட்டினவன் யாரு?"

மூன்றாவது படத்தின் ஓரத்தில் ஒரு கால் விழுந்திருந்தது. ரப்பர் செருப்பு. கூடவே அடுத்த காலின் நுனியும். ஒரு செருப்பின் வார் நீலம், மற்றதன் வார் கறுப்பு.

"எல்லாரும் பாதுகாப்பு ஷூ போட்டிருக்காங்கன்னு ஃபாரத்துல இருக்கு பாஸ்" என்றாள் தந்தி. "இவர் கூட்டணி வச்சிருக்கார்."

அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. கம்ப்ரஸர் பக்கத்தில் குந்தியிருந்த ஃபிட்டர் எட்டு மாதத்துக்குப் பிறகும் அதே கூட்டணியில்தான் இருந்தார். நரைத்த தலை. படத்தை நீட்டினேன். தன் காலை அவருக்கு அடையாளம் தெரிந்தது. கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வேலையை விட்டுத் துரத்திடுவாங்க சார். ஐம்பத்தாறு வயசு எனக்கு. வேற எவன் சேர்த்துப்பான்?"

"உங்க பேர் வராது. ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க. ஒரே கூண்டுதானே?"

"ஆமா." துணியால் கையைத் துடைத்தார். துடைக்க அந்தக் கையில் எதுவும் இல்லை. "ஆலோசகர் கூடவே நின்னு சொன்னார், இப்படி மாட்டுங்க, அப்படி மாட்டுங்கன்னு. எனக்கு மனசு ஒப்பல. சாட்சிக் கையெழுத்து போட்ட நாலு பேர்ல நானும் ஒருத்தன். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு வீட்டுத் தெரு வழியா நான் போறதில்ல."

தந்தி நோட்டை மூடினாள்.

"ஒண்ணு சொல்றேன் சார்" என்றார் ஃபிட்டர். "போட்டோ எடுத்தப்புறம் யாரோ நேர்ல வந்து பார்க்கணும், அப்பத்தான் கையெழுத்து ஆகும்னு பேசிக்கிட்டாங்க. வர்றவர் கண்டிப்பா பிடிச்சுடுவார்னு நெனச்சேன். தொழில் தெரிஞ்சவன் யார் வந்தாலும் கண்டுபிடிச்சுடலாம். ரெண்டு வாரம் வாசலையே பார்த்துட்டிருந்தேன்."

"வந்தாரா?"

"யாரும் வரல. ஆனா கையெழுத்து வந்துடுச்சு."

*

பஸ்ஸில் போகும்போது நான்தான் ஆரம்பித்தேன்.

"தந்தி, நாம சீல் குத்தற அந்தக் கட்டு எங்கேர்ந்து வருது?"

"ஒரு ஆலோசகர் ஆபீஸ்லேர்ந்து. கூரியர்ல வரும். போன்ல 'அனுப்பிட்டேன் சார்'னு ஒரு குரல் சொல்லும். நீங்க கையெழுத்து போடுவீங்க. நான் குத்துவேன். திரும்பிப் போயிடும்."

"அதுல கம்பெனி பேரெல்லாம் படிச்சிருக்கியா?"

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

புதுச் சட்டம் வந்தபோது வெளிச் சான்றாளராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கும் இன்ஜினியர்களுக்கும், பதிவு பெற்ற துப்பறியும் ஏஜென்ஸிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். நானும் பதிந்துகொண்டேன். ஆரம்பத்தில் இரண்டு ஷெட்டுகளுக்கு நேரில் போனேன். மூன்றாவது வெயில் காலம். போகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

எந்தெந்தக் கம்பெனி என்று ஒவ்வொரு கட்டோடும் வந்த பட்டியல் என் மேஜை இழுப்பறையில் பிரிக்காமல் கிடக்கிறது. வழியில் எங்கள் ஆபீஸ் வாசலில் பஸ் நின்றது. மணி மூன்று. இறங்கி மாடியேறிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம்.

தந்தி பாதி எழுந்து என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் கிளம்பியது. அவள் உட்கார்ந்தாள்.

*

தொழிலாளர் அலுவலகத்தின் விசாரணை அறையில் ஒரு நீள மேஜை. ஒரு பக்கம் முதலாளியும் ஆலோசகரும். எதிரே அந்தப் பெண், கண்டக்டர், நாங்கள். தலைப்பக்கம் அதிகாரி, ரிடையராக ஒரு வருஷம் இருக்கும். அவர் பெயர்ப் பலகையில் 'ஆய்வாளர்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் 'மற்றும் வழிகாட்டி' என்று வேறு மையில் சேர்த்திருந்தார்கள்.

பெண்ணின் முன் தட்டச்சு செய்த காகிதம் வந்தது. பேனாவும். இடது கையால் பேனாவைப் பிடித்து, பிடி சரியாக வராமல் மறுபடி பிடித்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றேன்.

ஆறு போட்டோக்களையும் மேஜையில் வைத்தேன். கடிகாரத்தைக் காட்டினேன். மடிந்த கம்பியைக் காட்டினேன். பச்சைப் பெயின்ட் காயாததைச் சொன்னேன். ஃபிட்டரைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஐந்து நிமிஷம் நன்றாகவே பேசினேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஆறு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலாளியின் தலை தொங்கிக்கொண்டே போனது. கண்டக்டர் தம்பி மனைவியின் தோளில் கை வைத்தாள். அந்த ஐந்து நிமிஷமும் எனக்கு என் மேல் நல்ல அபிப்பிராயம் இருந்தது.

"முடிச்சிட்டீங்களா சார்?" என்றார் ஆலோசகர்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். 'அனுப்பிட்டேன் சார்.'

மெல்லிய மனிதர். சட்டைப்பையில் மூன்று பேனா. அவர் முகத்தில் பதற்றமே இல்லை. எங்களைப் பார்த்த நிமிஷத்திலிருந்தே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"இதெல்லாம் ஊகம். கம்பி மடங்கறது எல்லாக் கூண்டுலயும் நடக்கும். வெளிச் சான்றாளர் நேர்ல வந்து ஆறு மெஷினையும் ஆறு கூண்டையும் பார்த்திருக்கார். சட்டத்துக்கு அவர் கையெழுத்துதான் சாட்சி. அவர் பொய் எழுதியிருக்கார்னு இவர் சொல்றாரா? தாராளமா சொல்லட்டும். அதுக்கு முன்னாடி கடைசிப் பக்கத்தை ஒரு தடவை படிச்சிடுங்க சார்."

அதிகாரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக் கடைசிப் பக்கத்தை எடுத்தார். சத்தமாகப் படித்தார்.

"'மேற்கண்ட தொழிற்கூடத்துக்கு நேரில் சென்றேன். ஆறு இயந்திரங்களிலும் பாதுகாப்புக் கூண்டு பொருத்தப்பட்டிருப்பதை நேரில் பார்த்தேன்.'"

நிறுத்தினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இது நீங்கதானே?"

என் கையெழுத்து. அதன் மேல் ஏஜென்ஸி முத்திரை, வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து. தந்தி எப்போதும் அப்படித்தான் குத்துவாள்.

மேஜைக்கு அடியில் யாரோ காலை நகர்த்தினார்கள்.

'போனேன், பார்த்தேன், ஆறும் இருந்தது' என்று சொல்லிவிடலாம். பதிவு தப்பிக்கும், நானும் தப்பிப்பேன். அந்தப் பெண் கையெழுத்து போடுவாள். எப்படியும் அவள் போடத் தயாராகத்தான் வந்திருக்கிறாள். இந்தக் கணக்கையெல்லாம் நான் போட்டுப் பார்த்தேன். போட்டே பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் போட்டேன். ஆலோசகர் மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். அவருக்கு அவசரமே இல்லை.

"நாங்க போகல" என்றாள் தந்தி.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"சீல் குத்தினது நான். அந்த ஷெட் எந்தத் தெருவுல இருக்குன்னே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

"நீங்க யாரும்மா?" என்றார் அதிகாரி.

"அவர் அசிஸ்டெண்ட்."

"கையெழுத்து போட்டவர் சொல்லணும்."

"போகல" என்றேன். அதிகாரிக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "எட்டு மாசம் முன்னாடி போகல. மெஷினைப் பார்க்கல. கூண்டைப் பார்க்கல. நேரில் பார்த்தேன்னு எழுதினது பொய். ஃபாரத்தைப் படிக்காமலே கையெழுத்து போட்டேன். அனுப்பினது இவர்."

ஆலோசகர் பேனாவை மூடவில்லை. முதல் தடவையாக அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"உங்க மேல கேஸ் வரும். தெரியும்ல?" என்றார் அதிகாரி.

"தெரியும்."

"முன்னெல்லாம் இந்த ஷெட்டுக்கு நானே போவேன்" என்றார் அவர். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "பதினெட்டு வருஷம் போயிருக்கேன். நாங்க பண்ணின அக்கிரமமும் கொஞ்சநஞ்சம் இல்ல, அதனாலதான் எங்களை நிறுத்தினாங்க. இப்ப கம்ப்யூட்டர் சொன்னாத்தான் போகணும். உங்க கையெழுத்து இருந்தா கம்ப்யூட்டர் சொல்லாது." என் பக்கம் வெள்ளைத் தாளை நகர்த்தினார். "எழுதுங்க. இந்தத் தடவை படிச்சிட்டுக் கையெழுத்து போடுங்க."

எழுதினேன். அந்தப் பெண்ணின் முன்னால் இருந்த காகிதத்தை அதிகாரி திருப்பி எடுத்துக்கொண்டார். பேனா மட்டும் அவள் கையிலேயே இருந்தது. கண்டக்டர்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கி மேஜை மேல் வைத்தாள்.

*

வராந்தாவில் பெஞ்ச் காலியாக இருந்தது. யாரும் உட்காரவில்லை.

"டிக்கெட் எடுக்காம வர்றவன்கூட என் மூஞ்சியைப் பார்க்க மாட்டான் சார்" என்றாள் கண்டக்டர். "நீங்க காலையில வீட்டுக்குள்ள வந்து, இவ முகத்தைப் பார்த்து, எங்க வீட்டுத் தண்ணி வாங்கிக் குடிச்சீங்க."

"அப்ப எனக்குத் தெரியாது."

"இங்க வந்து உக்காந்தப்ப?"

தந்தி என்னைக் காப்பாற்ற எதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதும் சரிதான்.

அந்தப் பெண் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையை விலக்கி, கட்டுப் போட்ட கையை வெளியே எடுத்தாள். வலித்திருக்கும். இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டு என்னிடம் கேட்டாள். கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"நீங்க அன்னைக்கு வந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்களா சார்?"

இல்லை என்று சொன்னால் இரண்டு பேருக்குமே கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"கண்டுபிடிச்சிருப்பேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"கால் மணி நேரம்."

"அவ்வளவுதானா" என்றாள்.

பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பினாள். "நான் கழட்டல அண்ணி."

"அதான் தெரிஞ்சுபோச்சே."

"இல்ல. நான் கழட்டல." படியிறங்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டு போனாள். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் ஏறியது. கீழே தெருவுக்குப் போன பிறகும் கேட்டது.

அதிகாரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கையில் பிரின்ட் எடுத்த தாள், இன்னும் சூடாக.

"இந்த ஒரு வருஷத்துல உங்க கையெழுத்துல நாற்பத்தொரு சான்று ஏறியிருக்கு" என்றார். "என் பங்குக்கு நான் ஒவ்வொண்ணுக்கும் மேலிடத்துல அனுமதி வாங்கணும். அதுவும் மூணு நாள் முன்னாடி முதலாளிக்கு நோட்டீஸ் குடுத்துட்டுத்தான் போகணும். உங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. எழுதினவர் நீங்க, எப்ப வேணும்னாலும் போய்ப் பார்க்கலாம்."

தாளைத் தந்தி வாங்கிக்கொண்டாள். கதவு மூடியது.

கடிகாரம் நாலே முக்கால் காட்டியது. ஷெட்டுகள் ஆறு மணி வரை ஓடும்.

"பக்கத்துல எது?" என்றேன்.

அவள் விரலை ஓட்டினாள். "ரெண்டு தெரு தள்ளி ஒண்ணு இருக்கு. பிளாஸ்டிக் டப்பா செய்யற இடம். நடந்தே போயிடலாம்."

"மெஷின் எத்தனை?"

"எட்டு."

"கூண்டு?"

தந்தி தாளை மடித்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

"எட்டுன்னு எழுதியிருக்கோம் பாஸ்."